நீ இல்லாத அந்த மதியம்

மக்கா,

மாடியில் உன் அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பெங்களூருக்குக் கொண்டுபோகும் பெட்டி கட்டிலில் திறந்தபடி கிடக்கிறது. நீ அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிழக்கேகோட்டைக் கடைகளுக்குப் போயிருக்கிறாய். திரும்பி வருவதற்குள் எழுதி முடித்து, உன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட வேண்டும். அங்கே போய்ப் பெட்டியைப் பிரிக்கும்போது பார்த்தால் போதும். நேரில் சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். நேரில் சொல்ல ஒருமுறை வாயெடுத்தேன், நீ நிறுத்திவிட்டாய். நிறுத்தியது சரிதான் என்று எனக்குப் பின்னால் புரிந்தது. இப்போது நீ செய்த கம்ப்யூட்டர் கேம் முடிந்து வெளியே வந்தாயிற்று. இனி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அதை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்துச் சொல்ல எனக்கு வராது. முதலிலிருந்துதான் வர வேண்டும். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து நீ இதைப் பார்த்ததில்லை.

உன் தங்கை பவி காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவள் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு கடிக்கிறது என்று நினைத்துப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது அந்தப் புதுச் செருப்போடுதான் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ், மதியம் முழுக்க. உங்கள் அப்பா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். சாலைக் கடைத்தெருவில் அவர் கணக்குப் பார்க்கும் அரிசிக் கடைக்கு அப்படியே போய்விடுவார். மகள் உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியாக வெளியே போய் வருவதை அவரால் பார்க்க முடியவில்லை. அதற்காக நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீ ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தாய். பெரும்பாலான நாட்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்து, அவள் கட்டிலுக்கு இடப்பக்கம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாய். வலப்பக்கம் நான், பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பரீட்சைப் பேப்பர்களோடு.

ஊசி குத்தி மெஷினை ஓடவிட்டதும் அவள் உன்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு எங்கே போவோம்?" நீ ஏதாவது ஒரு இடத்தைச் சொல்வாய். கரமனைப் பாலத்தில் ஆரம்பித்து ஆற்றோரமாக நடக்கலாம் என்பாய். சங்குமுகம் கடற்கரையில் மழைக்கு முந்தைய சாயங்காலம் என்பாய். வழியில் யார் நிற்கிறார்கள், எந்தக் கடையில் என்ன பொரிக்கிறார்கள் என்று அவள் கேட்க, நீ சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் ஆஸ்பத்திரியை விட்டே போய்விடுவீர்கள். நான் பேப்பர் திருத்துவதுபோல் குனிந்திருப்பேன். பல நாள் ஒரே பக்கத்தை மூன்று தடவை திருத்தியிருக்கிறேன். எனக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு வயது. அதனால் சிறுநீரகம் கொடுக்க நீதான் என்றானது. உன் ரத்தம் அவளுக்குப் பொருந்தியது. மீதிப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அது முடிவதற்குள் ஒரு மதியம், டயாலிசிஸ் கட்டிலிலேயே அவள் போய்விட்டாள். அன்று உனக்கு ஆபீசில் விட முடியாத வேலை. நான் போன் செய்து, நீ ஓடி வந்து சேர்ந்தபோது திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

வருஷம் திரும்பியதும் நீ வேலையை விட்டாய். கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்யப்போகிறேன், தனியாக, என்றாய். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன். கேம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் பையன்கள் போனில் சுட்டுத்தள்ளிக்கொண்டு வருவதுதான். அது பவியைப் பற்றி என்று நீ சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்துப்போனவளை வைத்து விளையாட்டா என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "வேற எந்த வழியிலயும் அவகூட அந்த ரூமில இருக்க எனக்குத் தெரியலம்மா." அதற்குப் பிறகும் என் மனம் ஒப்பவில்லை. தெருவில் யாராவது கேட்டால் பையன் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறான் என்று சொல்லிவைத்தேன்.

தனியாளாக ஒரு கேம் செய்வது என்றால் என்னவென்று உனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். படம் வரைவதும் நீ, அதை நடக்க வைக்கிற புரோகிராம் எழுதுவதும் நீ, பாட்டும் நீ, கதையும் நீ. ஒருநாள் வந்தால் பவியின் கட்டிலுக்குப் பின்னால் தொங்கிய திரைத்துணியின் பச்சையை வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருப்பாய். இன்னொரு நாள் சமையலறையில் புகை இழுக்கும் ஃபேனுக்குக் கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். டயாலிசிஸ் மெஷினின் சத்தம் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது என்றாய். சரிதான். அன்றிலிருந்து அந்த ஃபேனைப் போட என் கை தயங்குகிறது. கேமில் விளையாடுகிறவர் நீயாக அந்த இடப்பக்க நாற்காலியில் உட்கார வேண்டும். பவி கேட்பாள். நாம் தேர்ந்தெடுக்கிற பதிலுக்குத் தகுந்தபடி சுவர் விலகி ஆறு வரும், கடல் வரும், சாலைத் தெருவின் நெரிசல் வரும். மெஷின் நின்றதும் மறுபடியும் அந்த அறை. ஒவ்வொரு முறையும் அவள் கொஞ்சம் மெலிந்திருப்பாள். ஜெயிக்க அதில் ஒன்றுமில்லை. கூட உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

பிறகு ஒருநாள் கீழே இறங்கி வந்து, தமிழ் வசனங்களைப் பார்த்துத் தரச் சொன்னாய். முதலில் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும்தான் எழுதியிருந்தாய். இந்த மலையாள ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து வளர்ந்த பிள்ளை, தமிழ் எழுத உனக்குக் கூச்சம். ஆனால் பவி வீட்டில் பேசியது தமிழ், அவளை வேறு மொழியில் பேசவைக்க மனசு கேட்கவில்லை என்றாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியே, "எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது." எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. ஆனால் அது அவள் இல்லை. அவள் என்ன சொல்வாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எனக்கு வய்யாம்மா" என்பாள். பதினைந்து வருஷம் அந்த ஒரு வார்த்தைக்காக அவளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். தமிழ் வாத்திச்சி மகள் மலையாளத்தைக் கலந்து பேசுகிறாளே என்று எனக்கு வெட்கம். முடியவில்லை என்று சொல்லு, இயலவில்லை என்று சொல்லு என்பேன். சிரித்துக்கொண்டு மறுபடியும் 'வய்யா' என்பாள். அன்று என் கையாலேயே அந்த நல்ல தமிழ் வரியை அடித்துவிட்டு, 'வய்யா' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். நீ பின்னாலேயே வரவில்லை. வராததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வெகுநாள் நாம் இரண்டு பேரும் அதே வேலையாக இருந்தோம். நீ வரியைப் படிப்பாய், நான் திருத்துவேன். இந்த இடத்தில் அவள் கோபப்படமாட்டாள், கிண்டல் செய்வாள். இந்த இடத்தில் பேசவே மாட்டாள், நகத்தைப் பார்ப்பாள். அவள் போன பிறகு நாம் அவளைப் பற்றி அவ்வளவு பேசியது அப்போதுதான். நாம் பேசிக்கொள்வதைக் கேட்டு அப்பா ஒருநாள் மாடிப்படி ஏறி வந்து கதவோரமாக நின்றார். திரையில் பவி நடந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வகிடு இந்தப் பக்கம் இல்லடே, வலப்பக்கமாக்கும்" என்றார். உனக்கு அது தெரிந்திருக்கவில்லை. எனக்கும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்குத் தலைசீவி விட்டது அவர்தான். எனக்குக் காலையில் பஸ் பிடிக்கிற அவசரம். சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். நீ ஒவ்வொரு படமாக எடுத்து வகிட்டை மாற்றி வரைந்தாய். அதற்கே ஒரு வாரம் ஆனது.

கடைசிக் காட்சிக்கு வந்தபோதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. விளையாடுகிறவர் ஆபீசில் இருக்கிறார். கொஞ்சம் முன்னால் தங்கைக்கு 'வரட்டா' என்று செய்தி அனுப்பியிருக்கிறார். 'வராண்டாம், வேலையப் பாரு' என்று பதில் வந்திருக்கிறது. பிறகு போன் அடிக்கிறது. எந்த வழியில் ஓடினாலும், எந்த பஸ்ஸில் ஏறினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. போய்ச் சேரும்போது திரை மூடியிருக்கும். நடுவில் ஒரு நொடி அவளைக் காட்டுகிறாய். வெறும் நாற்காலிக்குப் பக்கத்தில், கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அதில் ஏதோ கோளாறு இருந்ததால் சரி செய்வதற்காக அந்தக் காட்சியையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாய். நான் கீழே கறிக்கு நறுக்கிக்கொண்டிருப்பேன். மேலே அந்தப் போன் மணி கேட்கும். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்கும். ஒருத்தன் தன் வாழ்க்கையின் மிக மோசமான மதியத்துக்குள் ஒரே நாளில் எத்தனை முறைதான் போய்வருவான்? அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறி வந்தேன். அவள் கதவைப் பார்க்கவில்லை, நான் கூட இருந்தேன், அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன் கேள் என்று ஆரம்பித்தேன். நீ எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். "இப்ப சொல்லாண்டாம்மா. எனக்குத் தெரியாதுங்கறதுதான் இந்தக் கதை. தெரிஞ்சா என்னால முடிக்க முடியாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னைத் தேற்றக்கூடிய ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வேண்டாம் என்கிறாயே என்று. நீ உன்னையே தண்டித்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன். கேம் வெளியே வந்து, ஆசைப்பட்ட அளவுக்கு யாரும் வாங்காமல், நீ சாப்பிடாமல் படுத்திருந்த நாட்களில் அந்த நினைப்பு இன்னும் வலுத்தது. பிறகு யாரோ ஒருவர் உனக்கு எழுதியதை வாசித்துக் காட்டினாய். தன் அப்பா இறந்தபோது துபாயில் இருந்தவராம். எல்லோரும் அவரிடம் 'உன் தப்பு இல்லை' என்று சொன்னார்களாம். போய்ச் சேரவே முடியாத அந்தப் பாதையை உன் கேமில் ஓடிப் பார்த்தபோதுதான், தனக்கு நடந்தது இன்னொருவருக்கும் தெரியும் என்று தோன்றியதாம். அன்று முழுக்க உட்கார்ந்து அழுதேன் என்று எழுதியிருந்தார். நான் சொல்ல வந்ததை முன்பே கேட்டிருந்தால் நீ அந்தக் காட்சியை மாற்றியிருப்பாய். அந்த மனிதருக்கு அது கிடைத்திருக்காது. இப்போது பெங்களூரில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டவர்களும் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள் என்றாய். தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்க உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு அது தெரியவில்லை.

புது ஊரில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அடுத்ததைத் தனியாகச் செய்யாதே. இது தனியாகத்தான் செய்ய வேண்டியதாக இருந்தது, செய்தாய். இனி பக்கத்து மேஜையில் ஒருவர் இருக்கட்டும். டீ குடிக்கக் கூப்பிட்டால் எழுந்து போ. சும்மா சிரிக்கிற மாதிரி, ஒன்றுக்கும் உதவாத ஒரு கேம் செய்யத் தோன்றினால் செய். பவியை மறந்துவிட்டாய் என்று நான் நினைக்கமாட்டேன்.

இனி அந்த மதியம்.

ஊசி குத்திய நர்ஸ் அன்று முதல் குத்திலேயே சரியாகக் குத்திவிட்டாள். பவி அவளைப் பார்த்து, "சேச்சி இன்னிக்கு மிடுக்கியாயிட்டா" என்றாள். கெட்டிக்காரி என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்போதுதான் உன் செய்தி வந்தது. அவள் கையில் குழாய் இருந்ததால் என்னைப் பதில் அடிக்கச் சொன்னாள். வராண்டாம், வேலையப் பாரு. அவள் சொன்னாள், நான் அடித்தேன். அது கோபத்தில் சொன்னது என்று நீ நினைத்திருக்கிறாய் என்பது உன் கேமைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கோபமே இல்லை, மக்கா. உனக்காக விட்டுக்கொடுத்ததும் இல்லை. ஏன்டி அவனை வேண்டாங்கிறாய் என்று நானே கேட்டேன். "எப்பவும் நானும் அண்ணனும் பேசுகோம், நீ பேப்பரு திருத்துக. இன்னிக்கு நீ பேசு, நான் கேக்கேன்" என்றாள். உன் நாற்காலி அன்று காலியாகவும் இல்லை. என் பேப்பர் கட்டை அதில் வைக்கச் சொன்னாள். என் பையும் அதன்மேல் இருந்தது. அவள் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. என் பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

எனக்கு என்ன பேசத் தெரியும்? கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இந்த ஊருக்கு வந்த கதையைக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த கதைதான். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெள்ளம் வந்துவிட்டது என்று மலையாளத்தில் சத்தம்போட, நான் ஆறுதான் உடைத்துக்கொண்டது என்று பாயையும் அரிசிப் பானையையும் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றது. அந்த அம்மா சொன்னது பைப்பில் தண்ணீர் வந்துவிட்டது என்று. பவி சிரித்தாள். நர்ஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு, கிட்னி வைத்த பிறகு முதலில் ஒரு முழு கரிக்கு குடிப்பேன், யாருக்கும் ஒரு வாய்கூடத் தரமாட்டேன் என்றாள். டாக்டர் கூடாது என்ற இளநீரை அவள் பார்த்தே எத்தனை மாதம். வாங்கித் தருகிறேன் என்றேன். அதற்கு மேலும் ஏதேதோ பேசினோம், பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. உன்னைப் பற்றி ஒருமுறை வந்தது. அண்ணன் மீசை அவனுக்குச் சேரவே இல்லை, நீ சொன்னால் எடுப்பான், சொல்லு என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்கு ஒறக்கம் வருது. நீ இனி பேப்பரு திருத்து" என்றாள். நான் எட்டிப் பேப்பர் கட்டை எடுத்தேன். அவள் கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வரிசையிலிருந்து நர்ஸ் ஓடிவந்த பிறகுதான் நான் தலையைத் தூக்கினேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அங்கிருந்துதான் உனக்கு போன் செய்தேன்.

இவ்வளவுதான். இதை எந்தக் கேமிலும் சேர்க்க வேண்டாம். நீ செய்ததில் எதுவும் தவறு இல்லை, எதையும் மாற்றவும் வேண்டாம். நீ இல்லாத மதியம் அது, நீ பார்த்தபடியே இருக்கட்டும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்வதற்கு முன்னால் உன் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுச் சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்ததும் உட்காரவைத்துச் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். முடித்த பிறகு, "அவளுக்கு நோவு இருந்துதா?" என்றார். இல்லை, தூக்கத்தில்தான் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு, "வெள்ளத்துக் கதைக்கு நல்லாச் சிரிச்சாளா?" என்று கேட்டார். சிரிச்சா என்றேன். எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். குழாயை மூட அவருக்கு நேரமாயிற்று. இன்று காலையில், என்னைத் தோசை ஊற்ற விடாமல் பக்கத்தில் வந்து நின்று, அன்றைக்கு அவள் என்ன உடுப்பு போட்டிருந்தாள் என்று கேட்டார். சொன்னேன்.

நீயும் கேள், மக்கா. இப்போதே கேட்க வேண்டாம். எப்போது தோன்றுகிறதோ அப்போது போன் செய்து, எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் கேள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அம்மா